பைன் எண்ணெயும் மண்ணெண்ணெயும்

போன மாசி மாதம் மாமா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பாதியில் நின்றது. என் மச்சானுக்குப் பதினேழு வயது, கிம்னாசியுமில் பதினோராம் வகுப்பு. இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே, "நான் அபிட்டூர் எடுக்கேல்லை. மோட்டார் சைக்கிள் திருத்திற இடத்தில அவுஸ்பில்டுங் செய்யப்போறன்" என்றான். பாதி டொச்சில், பாதி தமிழில்.

ஒருவரும் பேசவில்லை. மாமி என்னைப் பார்த்தார். இப்படியான நேரங்களில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் இயந்திரவியலில் மாஸ்டர் முடித்தவன், ஐ.டி. ஆலோசகன், கம்பனிக் கார் வைத்திருப்பவன். "அத்தானைப் பார்" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டே அவன் வளர்ந்தான். அதற்கு நான் என்றைக்காவது அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ஆனால் முதலில் வாய் திறந்தவர் மாமா. "எண்ணெய்க் கையோட நான் திரிஞ்சது காணும்," என்றார். எழும்பிப் போய்க் கை கழுவினார். சாப்பிட்டு முடிக்கவில்லை.

மாமா ஊரில் ஏதோ ஒரு கராஜில் நின்றவர் என்று எனக்கு அரைவசனமாகத் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. அவரை எனக்கு இங்கே ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவியவராகவும், பிறகு பொதிகட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவராகவும்தான் தெரியும். அன்றிரவு வீட்டுக்கு வந்து, திருத்துவேலை என்ற இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். உங்களில் சிலர் இதே சண்டையை உங்கள் வீட்டில் நடத்திக்கொண்டிருக்கலாம். எனவே தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மச்சானின் நிலக்கீழறையில் ஒரு பழைய ஹொண்டா டாக்ஸ் நிற்கிறது. இரண்டு வருடம் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் வாங்கியது. அதனால் ஹொண்டாவிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுக்கு அது ஒரு கம்பனியின் பெயர். அதற்கு முன் அது ஒரு மனிதரின் பெயர், அந்த மனிதர் கம்பனி தொடங்குவதற்கு முன் பதினைந்து வருடத்துக்கு மேல் வாகனம் திருத்தியவர்.

சொய்சிரோ ஹொண்டா 1906 நவம்பர் 17 அன்று யப்பானின் ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கொல்லர், பிறகு சைக்கிள் திருத்தும் கடை வைத்தவர். தாய் தறியில் நெய்பவர். பள்ளிக்கூடத்தில் சொய்சிரோ கெட்டிக்காரன் இல்லை. பதினைந்து வயதில், தகப்பனின் கடைக்கு வரும் சைக்கிள் சஞ்சிகை ஒன்றில் டோக்கியோவிலிருந்த 'ஆர்ட் ஷோக்காய்' என்ற வாகனத் திருத்தகத்தின் விளம்பரத்தைக் கண்டார். வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் இல்லை அது. ஆனாலும் கடிதம் எழுதினார், என்னை எடுப்பீர்களா என்று. எடுத்தார்கள். 1922 இல் தகப்பனோடு டோக்கியோவுக்குப் போனார்.

போனவருக்கு அவர்கள் கொடுத்த முதல் வேலை முதலாளியின் குழந்தையைப் பார்ப்பது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கடை கூட்டித் துடைத்தபடி, மற்றவர்கள் இயந்திரத்தைக் கழற்றுவதைத் தூரத்தில் நின்று பார்த்தார். பல மாதம் இப்படியே போனது. அந்தக் காலத்துப் பயிலுநர்களுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடு, படுக்க இடம், கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். ஒரு நாள் கடையில் வேலை குவிந்து ஆள் போதாமல் போனபோதுதான் அவர் கையில் முதன்முதலாகக் கருவியைக் கொடுத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குழந்தை பார்த்ததைத் தியாகம், பொறுமை என்று அழகுபடுத்தி எழுதும் புத்தகங்கள் நிறைய உண்டு. ஒரு பதினைந்து வயதுப் பையனை ஊதியம் இல்லாமல் வேலை வாங்கியது அது, அவ்வளவுதான். பிறகு நல்லது நடந்ததால் முன்னர் நடந்தது நல்லதாகிவிடாது.

1923 செப்டெம்பர் 1, மத்தியானத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கண்டோ நிலநடுக்கம் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி தீயினால். சமையல் நேரம், மரவீடுகள். தீ ஆர்ட் ஷோக்காயை நெருங்கியபோது, கடையில் நின்ற வாடிக்கையாளரின் கார்களை யாராவது ஓட்டிக்கொண்டு போங்கள் என்று முதலாளி கத்தினார். சொய்சிரோ ஒன்றில் ஏறி ஓட்டினார். அதுவரை அவர் வீதியில் கார் ஓட்டியதில்லை.

கடை எரிந்துபோனது. வேலைக்காரர்களில் அநேகர் ஊருக்குத் திரும்பினார்கள். முதலாளியோடு மிஞ்சியவர்கள் சொய்சிரோவும் மூத்தவர் ஒருவரும்தான். மிஞ்சியதால் அதுவரை கிடைக்காத வேலை எல்லாம் அவர் கைக்கு வந்தது. ஊர் முழுக்க எரிந்த கார்கள். அவற்றைக் கொண்டுவந்து உடம்பைத் தட்டி நிமிர்த்தி, இயந்திரத்தை ஓட வைத்து விற்றார்கள். அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. தீயில் முதலில் போனது அதுதான். மரத்தைச் சீவி ஆரக்கால் செய்வதையும் அவர் அங்கேதான் பழகினார். பல வருடத்துக்குப் பிறகு வார்ப்பிரும்பில் ஆரக்கால் செய்து காப்புரிமை எடுத்தார். எந்த இடத்தில் எது உடைகிறது என்று ஆயிரம் தரம் பார்த்த ஒருவருக்கு வரக்கூடிய யோசனை அது.

1924 நவம்பரில் நடந்த ஒரு கார்ப் பந்தயத்தில், பழைய கேர்ட்டிஸ் விமான இயந்திரத்தைப் பூட்டிய கடைக்கார் முதலாவதாக வந்தது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்குப் பதினெட்டு வயது ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. 1928 இல் முதலாளி அவரைக் கடையின் பெயரோடு ஹமமட்சுவுக்கு அனுப்பினார், தனிக்கடை வைக்கச் சொல்லி. வயது 21.

இந்த வருடங்களின் கணக்கு அவர் இடது கையில் இருந்தது. வலது கை சுத்தியலைப் பிடிக்கும், இடது கை அடியை வாங்கும். சுத்தியல் நசுக்கியது, வெட்டுக்கருவி கிழித்தது, உளி குத்தியது. வயதான பிறகு தன் இடது கையைத் தானே வரைந்து, ஒவ்வொரு தழும்பும் எதனால் வந்தது என்று குறித்து வைத்தார். அவர் எழுதிய புத்தகம் ஒன்றின் பெயரே 'என் கை பேசுகிறது' என்ற பொருள்படும். 1973 இல் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றதும் நாடு முழுவதும் இருந்த தன் கம்பனியின் இடங்களுக்கும் விற்பனைக் கடைகளுக்கும் நேரில் போய் ஊழியர்களுக்குக் கைகொடுத்தார். ஒரு தொழிலாளி தன் கையில் எண்ணெய் இருக்கிறது என்று துடைக்கப் போக, பரவாயில்லை அப்படியே கொடு என்று அந்தக் கையைப் பிடித்தார் என்று அந்தக் கம்பனிக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதை வாசிக்கும்போது எனக்கு மாமா எழும்பிப் போய்க் கை கழுவியது ஞாபகத்துக்கு வந்தது.

இங்கே உங்களில் சிலர் "பார்த்தீர்களா, படிக்காமலே கோடீஸ்வரர் ஆகலாம்" என்று அம்மாவிடம் காட்டப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அடுத்து நடந்தது அந்த வாதத்துக்கு உதவாது.

திருத்துவேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு அது அலுத்தது. திருத்துபவர் வேறு யாரோ செய்ததைத்தான் தொடுகிறார், தானே எதையாவது செய்யவேண்டும் என்று பிஸ்டன் றிங் செய்யப் புறப்பட்டார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மெல்லிய இரும்பு வளையம், பார்த்தால் ஒன்றுமில்லை. வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாமலும், கீழே இருக்கும் எண்ணெய் மேலே ஏறாமலும் அது தடுக்கவேண்டும், பல லட்சம் தடவை மேலும் கீழும் போகும்போது உடையவும் கூடாது. இரவு பகலாக வார்த்தார். வந்தவை எல்லாம் உடைந்தன. கையில் இருந்த கெட்டித்தனம் முழுவதும் அங்கே செல்லவில்லை. கடைசியில் ஹமமட்சுவின் தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தன் வளையத்தைக் கொண்டுபோனார். ஒரு பேராசிரியர் அதைச் சோதித்துவிட்டு, இதில் சிலிக்கன் போதாது என்றார்.

சிலிக்கன் என்று ஒன்று இரும்பில் இருக்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த நாளே நாணவில்லை, முப்பது வயது கடந்த கடை முதலாளி அந்தக் கல்லூரி வகுப்பில் பையன்களோடு உட்கார்ந்து உலோகவியல் கேட்டார். பட்டத்துக்காகப் போகவில்லை, றிங்குக்காகப் போனார். அதன் பிறகும் டொயோட்டாவுக்குக் கொடுத்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. பல்கலைக்கழகங்கள், உருக்குத் தொழிற்சாலைகள் என்று அலைந்து தேறும்படி செய்ய மேலும் காலம் பிடித்தது.

என்னைப்போல ஆட்கள் இந்தக் கதையின் மறுபக்கத்தில் நிற்கிறோம். வார்ப்பிரும்பில் சிலிக்கன் என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். ஒரு றிங்கைக் கையில் தொட்டது வேலைக்குப் போய்ப் பல வருடத்துக்குப் பிறகுதான், அதுவும் ஒரு கண்காட்சியில்.

போர் வந்தது, குண்டு விழுந்தது. 1945 தையில் வந்த இன்னொரு நிலநடுக்கம் அவருடைய தொழிற்சாலை ஒன்றைச் சரித்தது. போர் முடிந்ததும் மிச்சத்தை 450,000 யென்னுக்கு டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, ஒரு வருடம் ஒன்றும் செய்யாமல் மூங்கில் குழல் ஊதப் பழகிக்கொண்டிருந்தார்.

1946 இல் தோற்றுப்போன யப்பானில் பஸ் இல்லை, ரயிலில் ஏற இடமில்லை. ஊருக்குப் போய் அரிசி வாங்கி வருவதற்குச் சனம் சைக்கிளில் மிதித்துக்கொண்டு திரிந்தது. அந்த நேரத்தில் ஒரு நண்பரின் வீட்டில் ஒரு சின்ன இயந்திரத்தைக் கண்டார். இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கச் செய்யப்பட்டது. போர் முடிந்ததால் கேட்பார் இல்லாமல் கிடந்தது. அப்படி 500 அளவில் வாங்கிச் சைக்கிளில் பூட்டத் தொடங்கினார். முதல் சைக்கிளின் பெற்றோல் தாங்கி என்ன தெரியுமா? குளிருக்குப் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் குடுவை. ஓட்டிப் பார்த்தவர்களில் அவருடைய மனைவி சச்சியும் ஒருவர்.

தாங்கி கிடைத்தது. அதற்குள் ஊற்றப் பெற்றோல் இல்லை. பெற்றோல் பங்கீட்டில் இருந்தது. எனவே பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைப் பெற்றோலோடு கலந்தார்கள். அந்தக் கலவை இலகுவில் பற்றாது, புகைக்கும், வீதி முழுக்கப் பைன் பிசின் மணக்கும். ஆனால் ஓடும்.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏனென்றால் இதே மாதிரி ஒரு கதையைச் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1990 ஆனியில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து என்று தடைப் பட்டியல் நீண்டது. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். இதெல்லாம் உங்கள் அம்மா அப்பாவும் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் குடாநாட்டில் அப்போது ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும் பங்கு ஹொண்டா கப் குடும்பத்தைச் சேர்ந்தது. சி50, சி90, அதோடு எம்.டி.90. கடைசியாகச் சொன்னது யப்பான் தபால்காரருக்கென்றே செய்யப்பட்ட வகை, பழசாக இறக்குமதியாகி வந்தது. 1958 இல் சொய்சிரோவின் கம்பனி விட்ட சுப்பர் கப்பின் பிள்ளைகள் இவை. கிளச் பிடிக்கும் கைப்பிடி இல்லை, காலால் கியரைத் தட்டினால் போதும். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் ஓட்டிப்போகும் நூடில்ஸ் கடைப் பையனை மனதில் வைத்துச் செய்தார்கள். 2017 இல் அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. வேறு எந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு செய்யப்பட்டதில்லை.

மாமா 1983 இல், பதினைந்து வயதில், யாழ்ப்பாண நகரில் ஒரு கராஜில் சேர்ந்தாராம். சொய்சிரோ டோக்கியோவுக்குப் போன அதே வயது. இதை அவரிடம் சொன்னபோது, "அவன் ஹொண்டா, நான் கோப்பை கழுவினவன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் தட்டுப்பாடு, விலையும் கூட. ஆனால் கிடைத்தது. இதில் இருக்கும் பிரச்சினையை நான் படித்த பாஷையில் சொன்னால், பெற்றோல் 30 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கும், மண்ணெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 150 பாகை வேண்டும். குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது ஆவியாகாது, துளியாகவே நிற்கும். துளி பற்றாது. எனவே முதலில் பெற்றோலில் சூடாக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். பிரித்தானியாவில் 1949 இலிருந்து வந்த பெர்குசன் டிராக்டர் வகை ஒன்றில் இதற்கென்றே தொழிற்சாலையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். சிறிய அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள், நடுவில் ஒரு திருப்பி. அழுத்த விகிதத்தையும் குறைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் இயந்திரம் இடிக்கும்.

மாமாவிடம் அந்த டிராக்டரின் புத்தகம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு சின்ன மருந்துப் போத்தல், ஒரு மெல்லிய குழாய். போத்தலில் பத்திரமாக வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு உதைப்பார். இயந்திரம் பற்றிச் சூடேறும்வரை திறொட்டிலை விடாமல் பிடித்திருப்பார். பிறகு அது மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். வழியில் நிறுத்திக் கதைக்க ஒருவருக்கும் விருப்பமில்லை, நிறுத்தினால் திரும்ப ஒரு துளி பெற்றோல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கை காட்டிவிட்டுப் போவார்களாம்.

"அது ஓடும், ஆனா எஞ்சினைத் திண்டுபோடும்," என்றார். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகிவிடும், தேய்மானம் கூடிவிடும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும், மாற்ற ஒயிலும் இல்லை. பிளக் கரிபிடித்துக் கறுத்துப்போகும், கழற்றித் தேய்த்துப் போடவேண்டும், தினமும். ஒரு வாகனத்தின் றிங்கை இன்னொன்றுக்கு உராய்ந்து பொருத்தினாராம். ஹமமட்சுவில் ஒருவர் இரண்டு வருடம் மண்டையை உடைத்த அதே றிங்.

"ஆருக்குத் திருத்தினீங்கள் மாமா?" என்று கேட்டேன். வாத்திமார், தபால்காரர், ஒரு மருத்துவிச்சி என்றார். மருத்துவிச்சியின் சி50க்குக் காசு வாங்கமாட்டாராம். பிறகு, 1995 ஐப்பசி முடிவில் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட அந்த இரவு. கராஜைப் பூட்டினாரா என்று கேட்டேன். "பூட்டி?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1997 இல் ஜேர்மனிக்கு வந்தார். முதலில் வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது, என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கராஜில் பன்னிரண்டு வருடம் நின்றதற்கு ஊரில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் சட்டம் இங்கே 2012 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் காகிதம் வேண்டும், அப்போது அவருக்கு 44 வயது.

ஆனால் இந்த நாட்டை மட்டும் குற்றம் சொன்னால் நான் பொய் சொல்பவனாவேன். மாமா தான் மெக்கானிக் என்று எங்களுக்கும்தானே சொல்லவில்லை. கையால் செய்யும் வேலைகளைச் சாதியோடு முடிச்சுப் போட்டு, பேனா பிடிக்கும் வேலையை மேலே வைத்த சமூகம் நாங்கள். கடல் தாண்டியபோது அதையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். இங்கே கொண்டாட்டங்களில் "மகன் என்ன செய்யிறார்?" என்ற கேள்விக்கு மூன்று நான்கு பதில்கள்தான் சரியானவை. என் பதில் அதில் ஒன்று, அதனால் நான் இதைக் கவனிக்காமலே இருந்துவிட்டேன்.

இனி மச்சான் சேர விரும்பும் வேலைக்கு வருகிறேன். 2014 இலிருந்து அதன் பெயர் இங்கே 'ஸ்வைராட்மெக்காத்ரோனிக்கர்'. மெக்கானிக் என்ற சொல்லுக்குள் இலத்திரனியலும் புகுந்துவிட்டது. மூன்றரை வருடம், கடையில் வேலையும் தொழிற்பள்ளியில் படிப்பும். பயிலும்போதே ஊதியம் உண்டு. குழந்தை பார்க்கச் சொன்னால் மறுக்கலாம். முடித்து, விரும்பினால் மைஸ்டர் ஆகலாம். இந்தத் தொழிலில் சொந்தக் கடை திறப்பதற்குப் பொதுவாக அந்த மைஸ்டர் பத்திரம் வேண்டும், தகைமைச் சட்டகத்தில் அது இளமாணிப் பட்டத்தின் அதே படியில், ஆறாம் படியில், இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். நானே போன மாதம்தான் அறிந்தேன்.

வேலையும் மாமாவின் காலத்து வேலை இல்லை. ஐரோப்பாவில் 125 சீசீக்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். காபரேட்டரின் இடத்தில் கணினி எரிபொருளை அளந்து தெளிக்கிறது. கோளாறு வந்தால் முதலில் செருகுவது ஸ்பானரை அல்ல, கண்டறியும் கருவியை. அந்தக் கருவி ஒரு கோளாறு எண்ணைக் காட்டும். அந்த எண் உணரி கெட்டதாலா, அதற்குப் போகும் வயர் எங்கோ உராய்ந்ததாலா என்பதைக் காட்டாது. அதற்கு ஆள் வேண்டும்.

கெட்டதையும் சொல்லவேண்டும். என் சம்பளத்தை அவன் எடுக்கமாட்டான், மைஸ்டர் ஆனாலும் லேசில் எடுக்கமாட்டான். சித்திரையில் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும், மார்கழியில் கடை காற்றுவாங்கும். முழங்காலும் முதுகும் கேட்கும். நான் நாற்காலியில் இருந்து நோகிற முதுகுக்கு யோகாசன வகுப்புப் போகிறேன், அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். மச்சானின் டாக்ஸ் ஸ்டார்ட் ஆகும், சோக் இழுத்திருக்கும்வரை ஓடும், சோக்கைத் தள்ளினால் உடனே நின்றுவிடும். அவன் மூன்று நாளாக மினைக்கெட்டுக்கொண்டிருந்தான். நான் என் படிப்பைக் காட்டப் போனேன். மின்சாரப் பக்கமாகத்தான் இருக்கும் என்று மின்மானியை எடுத்து ஒவ்வொரு வயராக அளந்தேன், கைபேசியில் வயரிங் படத்தை இறக்கினேன். ஒரு மணித்தியாலம் போனது.

மாமா இரவு வேலைக்குப் போகும் உடுப்போடு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. "திரும்ப ஒருக்கா உதை," என்றார். மச்சான் உதைத்தான். ஓடியது. "சோக்கைத் தள்ளு." நின்றது. "ஸ்லோ ஜெட் அடைச்சுப்போச்சு. கன நாள் ஓடாமல் நிண்ட வண்டி. பெற்றோல் காஞ்சு பசையாகியிருக்கும்."

அவ்வளவுதான். சோக் இழுத்தால் காற்றுக் குறைந்து, மற்ற வழியால் வரும் பெற்றோல் போதுமானதாகிறது. தள்ளினால் மெல்லிய ஓட்டத்துக்கான அந்தச் சின்னத் துவாரம் தனியே வேலை செய்யவேண்டும், அது அடைத்திருக்கிறது. சமன்பாடு எனக்குத் தெரியும். கேள்விதான் எனக்குத் தோன்றவில்லை. அவர் காபரேட்டரைக் கழற்ற மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார், தான் தொடவில்லை. தலைமுடியளவு துவாரம் அது, கம்பி விட்டுக் குத்தாதே பெருத்துவிடும், கிளீனர் அடித்து ஊது என்றார். இருபது நிமிடத்துக்குப் பிறகு டாக்ஸ் சோக் இல்லாமல் நின்று ஓடியது. மாமா அந்தச் சத்தத்தைத் தலையைக் கொஞ்சம் சரித்துக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதை நான் முன்னர் கண்டதில்லை. பிறகு நேரமாகிவிட்டது என்று வேலைக்குப் போய்விட்டார்.

மச்சானுக்கு அந்தக் கடை இடம் கொடுத்துவிட்டது. ஆவணி முதலாம் திகதி தொடக்கம். பதினெட்டு ஆகாததால் ஒப்பந்தத்தில் அப்பா அம்மா கையெழுத்துப் போடவேண்டும். மாமி போட்டுவிட்டார். காகிதம் மூன்று கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்குக் கீழே தொங்கியது. மாமா அதைக் கடந்து போவார், பால் எடுப்பார், கதவைச் சாத்துவார்.

போன வெள்ளிக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "இவனுக்கு ஸ்பானர், சொக்கெட் எல்லாம் நாங்களோ வாங்கிக் குடுக்கவேணும்?" என்று கேட்டார்.

இல்லை மாமா, பயிற்சிக்கான கருவிகளைக் கடைதான் இலவசமாகக் கொடுக்கவேண்டும், அது சட்டம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இருந்தாலும் பத்து மில்லிமீற்றர் ஸ்பானர் ஒண்டு சொந்தமா வைச்சிருக்கட்டும்," என்றார். "அதுதான் எப்பவும் துலையிறது."